கேப்டன் பதில் சொல்லாத இடம்

அந்த நாற்காலி வேணாம் தம்பி, இதுல உக்காருங்க. அதுல ஒரு கால் ஆட்டம். ஃபேன் காத்து வருதா? கோயமுத்தூர்க்காரங்களுக்கு நம்ம சாலிகிராமம் வெயில் ஒத்துக்காது. மைக்கை அப்புறம் எடுக்கலாம், பையிலேயே இருக்கட்டும். முதல்ல தண்ணி குடிங்க.

போன்ல என்ன சொன்னீங்க? பழைய கம்ப்யூட்டர் கேமையெல்லாம் தேடிப் பிடிச்சு ரிப்பேர் பண்ற கூட்டம்னு சொன்னீங்க. சரி. நாட்டுல ரிப்பேர் பண்ண எவ்வளவோ இருக்கு. எங்க தெரு சாக்கடை இருக்கு, நாலு மாசமா ஓடுது. அதையெல்லாம் விட்டுட்டு போயும் போயும் 'சனிக்கோள் கப்பல்' கேமையா எடுக்கணும்? என் வாழ்க்கையை நாசம் பண்ணின கேம் தம்பி அது. வசனம் பேசறேன்னு நினைக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன். அந்த கேம் மட்டும் வராம இருந்திருந்தா இந்நேரம் உங்களுக்கு டீ போட்டுக் கொண்டாந்து குடுக்க இந்த வீட்டுல ஒருத்தி இருந்திருப்பா.

அதே பேர்ல முதல்ல வந்த டிவி சீரியலை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க, வயசு பத்தாது. ஏதோ ஒரு குளிர் தேசத்துல எடுத்தது. சனி கிரகத்துக்குப் போற கப்பல், அதுல ஒரு கேப்டன், ஒரு டாக்டரம்மா, வாராவாரம் ஒரு ஆபத்து. ஞாயித்துக்கிழமை காலைல தமிழ்ல போட்டாங்க. இட்லி தட்டோட புள்ளைங்க டிவி முன்னாடி உக்காந்துடும். சனின்னு பேர்ல வருதே, விளங்குமான்னு சேனல்காரர் சம்சாரமே கேட்டுச்சாம். அந்தம்மா வாய்க்குச் சக்கரை போடணும்.

கேப்டன் வோரிக் நான்தான். இந்தக் குற்றாலிங்கம். படத்துல வர்ற ஆளு ஆறரை அடி உயரம், தோள் ரெண்டும் கதவு மாதிரி. அவனுக்கு நான் குரல். அப்பவே எனக்குத் தலையில பாதி இல்ல, வயிறு மட்டும் இருந்துச்சு. ஆனா மைக் முன்னாடி நின்னா நான்தான் கேப்டன். 'பின்வாங்குற பழக்கம் இந்தக் கப்பலுக்கு இல்லை!' பாத்தீங்களா, உங்களுக்கே கொஞ்சம் தூக்கிப் போட்டுச்சு. இந்த வயசுலயும் அது போகல.

டாக்டர் இல்சாவுக்குப் பேசினது சுகந்தி.

சுகந்தி குரல் எப்படின்னு கேட்டா எப்படிச் சொல்றது. கேட்டா கேட்டுக்கிட்டே இருக்கலாம். அவ்வளவுதான் சொல்லத் தெரியும். கே.கே. நகர்ல அண்ணன் வீட்டுல இருந்தாங்க. அப்பா இல்ல, அம்மா இல்ல, அண்ணி கொஞ்சம் அப்படி இப்படி. வயசு முப்பத்தஞ்சு தாண்டியிருச்சு. எனக்கு நாப்பதுக்கு மேல. தங்கச்சிங்களைக் கட்டிக் குடுக்கறதுக்குள்ள என் கல்யாணம் வயசு தாண்டிப் போச்சு, கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். வடபழனியில ஒரு டப்பிங் தியேட்டர், குளிரு எலும்புக்குள்ள போகும், ரெண்டு பேரும் ஒரே மைக் முன்னாடி நிப்போம். டேக்குக்கு முன்னாடி ஒரு துண்டு பனங்கற்கண்டு எடுத்து நீட்டுவாங்க. "சார், தொண்டைக்கு." அவ்வளவுதான் பேச்சு. நான் வாங்கிக்குவேன். ரெண்டு வருஷம் வாங்கிக்கிட்டேன் தம்பி.

எனக்கு அவங்க மேல ஆசைன்னு தியேட்டர்ல டீ குடுக்கற அம்மாவுக்குக் கூடத் தெரியும். "என்ன கேப்டன், டாக்டரம்மா இன்னும் வரலையா"ன்னு கிண்டல் பண்ணும். சுகந்திக்கு? தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். ஆனா வாயைத் தொறந்து நானும் சொல்லல, அவங்களும் சொல்லல. பொம்பளை எப்படிச் சொல்லும்? ஆம்பளை நான்தான் சொல்லணும். சொல்லாம விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. எல்லாம் திட்டம் போட்டு வெச்சிருந்தேன். அங்கதான் இந்தப் பாழாப்போன கேம் வருது.

சீரியல் நல்லா ஓடிட்டிருக்கும்போது, இஞ்சினியரிங் முடிச்ச பசங்க நாலஞ்சு பேர் சேர்ந்து அதை கேமா பண்றோம்னு வந்தாங்க. தமிழ்ல பேசற கேம். சிடி போட்டு வெளியிடறோம், ஓட்டல்ல பெரிய விழா, மேடையில நானும் சுகந்தியும் ஜோடியா நிக்கணும், நான் கோட்டு போட்டுக்கணும்னு சொன்னாங்க. எனக்குப் பட்டுனு தோணிச்சு. இதுதான் நேரம். விழா முடிஞ்சதும், அந்தக் கோட்டோட, கேப்டன் குரல்ல, "டாக்டர், என் கூட வர சம்மதமா?"ன்னு கேட்டுடணும். இந்த வழுக்கைத் தலைக்காரன் கேட்டா சிரிப்பாங்க, கேப்டன் கேட்டா சிரிக்க மாட்டாங்க இல்ல? கோட்டுக்கு அளவு கூடக் குடுத்துட்டேன், பாண்டி பஜார்ல.

அப்பத்தான் ஒருநாள் டீ குடிக்கும்போது சுகந்தி சொன்னாங்க. "சார், அண்ணன் ஒரு இடம் பார்த்திருக்கார். நாக்பூர். ரயில்வேல வேலை. மனைவி இறந்துட்டாங்களாம். வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும்." சொல்லிட்டு டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டாங்க.

எனக்கு நெஞ்சுல இடி விழுந்த மாதிரி இருந்துச்சு. ஆனா காட்டிக்கலை. பெரிய மனுஷனா, பொறுப்பா, "நல்லா விசாரிச்சீங்களா? நாக்பூர்ல வெயில் ஜாஸ்தியாச்சே"ன்னேன்.

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? வேற என்ன சொல்றது? டீக்கடை வாசல்லயா அதைப் பேசறது? பக்கத்துல பஜ்ஜி போடறான். விழாவுக்கு ஒரு மாசம்தான் இருந்துச்சு. அவங்க வெள்ளிக்கிழமை யோசிக்கணும்னு சொன்னா அண்ணன் கேக்க மாட்டாரா? நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டுட்டேன். அவங்களுக்கும் அந்தக் கணக்கு புரியும்னு நினைச்சேன்.

மறுநாள், வியாழக்கிழமை, கேமுக்கு அவங்க குரல் பதிவு. என் பங்கை முந்தின வாரமே முடிச்சுட்டேன். படத்துக்குன்னா ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பேசுவோம், திரையில உதடு அசையும், அதுக்குத் தக்கன பேசணும். கேமுக்கு அதெல்லாம் இல்ல. துண்டு துண்டா வசனம், என் வசனம் மட்டும் எனக்கு, அவங்க வசனம் மட்டும் அவங்களுக்கு. அவங்க பேப்பர்ல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. ஆனா பதிவைப் பாத்துக்கற பொறுப்பு என்கிட்ட குடுத்திருந்தாங்க. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இஞ்சினியர் பக்கத்துல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், அவங்க அந்தப் பக்கம் மைக் முன்னாடி.

கேமோட கடைசிக் கட்டம். டாக்டர் ஒரு அறைக்குள்ள மாட்டிக்கிட்டாங்க, கேப்டன் வெளிய நிக்கறான். "கேப்டன், என்னைக் காப்பாத்துங்க! கேப்டன், என்னை இங்கேயிருந்து கூட்டிட்டுப் போங்க!" இப்படி நாலஞ்சு. கச்சிதமாப் பேசினாங்க. அப்புறம் பேப்பரைக் கீழ இறக்கிட்டு, கண்ணாடி வழியா என்னைப் பாத்து அடுத்த வசனம் பேசினாங்க.

"ஏங்க, இன்னும் நேரமிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் எங்கேயும் போக மாட்டேன்."

இதைத்தான் தம்பி நான் அந்த கேம்காரப் பசங்களை நாள் பூரா திட்டறேன். யாருய்யா எழுதினது இந்த வசனத்தை? முந்தின வரியில கூட்டிட்டுப் போன்னு கத்தறா, அடுத்த வரியில எங்கேயும் போக மாட்டேங்கறா. கொஞ்சமாவது பொருந்துதா? அதுவும் 'ஏங்க'வாம்! எந்தக் கப்பல்ல டாக்டர் கேப்டனைப் புருஷனைக் கூப்பிடற மாதிரி ஏங்கன்னு கூப்பிடுவா? சீரியல் பூரா ஒரு இடத்துல கிடையாது. அரைவேக்காட்டுப் பசங்க எழுதினா இப்படித்தான்.

ஆனா எழுதினதைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல. குரலைத்தான் திருத்தலாம். முதல் டேக்ல ரொம்ப அழுகை. குரல் நடுங்குது, மூச்சு மைக்ல அடிக்குது, கடைசி வார்த்தை முழுங்கிப் போச்சு. நான் பட்டனை அமுக்கிச் சொன்னேன், "சுகந்தியம்மா, பேப்பரைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க. இவ டாக்டர், இவ்வளவு அழ மாட்டா. இன்னொண்ணு போலாம்." மறுபடி சொன்னாங்க. அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறல. இன்னமும் என்னைத்தான் பாக்கறாங்க. நான் திரும்ப, "உணர்ச்சி ஜாஸ்தியா இருக்கு, குறைங்க"ன்னேன்.

எங்க தொழில்ல அப்படித்தான் தம்பி. ஹெட்ஃபோன் மாட்டிட்டா குரல்தான் கேக்கும், அர்த்தம் கேக்காது. மூச்சு சரியா, அளவு சரியா, 'ப' வந்தா மைக் படபடன்னு அடிக்குதா, அதுலயே புத்தி போயிடும். சாவு வசனமா கல்யாண வசனமான்னு வெளிய வந்து கேட்டா முழிப்போம்.

மூணாவது டேக் பிரமாதம். ஒரு நடுக்கம் இல்ல. ஒட்டாம, தட்டையா, டாக்டர் பேசற மாதிரியே இருந்துச்சு. டேக் ஓகேன்னு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். முதல் ரெண்டையும் அழிச்சிடச் சொன்னேன்.

ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுட்டு வெளிய வந்தாங்க. "சரியா இருந்துச்சா சார்?"ன்னாங்க. "கடைசி டேக்தான் சுகந்தியம்மா, அடிச்சுக்க முடியாது"ன்னேன். "அப்ப சரி"ன்னாங்க. கைப்பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடக்கலாம்னு நினைச்சேன், இஞ்சினியர் பிடிச்சு வெச்சுக்கிட்டான்.

வெள்ளிக்கிழமை அவங்க அண்ணனுக்கு சரின்னு சொல்லிட்டாங்க.

எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா? ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா? ரெண்டு வருஷம் பக்கத்துல நின்னவன் மனசுல என்ன இருக்குன்னு ஒரு பொம்பளைக்குத் தெரியாதா? தெரிஞ்சா ஒரு ஜாடை காட்டியிருக்கக் கூடாதா? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அந்த இடத்துலயே கோட்டும் வேணாம் விழாவும் வேணாம்னு சொல்லியிருப்பேனே! கேக்கவே இல்லையே தம்பி. அதுதான் இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பொறுக்கல. ஒரு வார்த்தை கேக்கல.

கல்யாணத்துக்குப் போனேன். மிக்ஸி குடுத்தேன். மாப்பிள்ளை நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிஞ்சார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். அதை நினைச்சு அன்னிக்கு எனக்குள்ள ஒரு அல்ப சந்தோஷம். இந்தக் குரல் கட்டினவனுக்கே கேக்காதேன்னு. பாவி மனசு. "சாப்பிட்டுட்டுப் போங்க சார்"னு சொன்னாங்க. ரெண்டாவது பந்தியில சாப்பிட்டேன். என்ன போட்டாங்கன்னே தெரியல.

விழாவும் நடந்துச்சு. கோட்டு போட்டுக்கிட்டு நான் மட்டும் தனியா நின்னேன். அப்புறம் அந்த கேம் வந்த லட்சணம் உங்களுக்கே தெரியும். கேப்டனுக்கு நடக்கும்போது ஒரு கால் காணாம போகும். துப்பாக்கி சுட்டா பின்னால போகும். சனி கிரகம் மெதுவடை மாதிரி இருக்கும். எல்லாம் தாண்டி கடைசிக் கட்டத்துக்கு வந்தா, டாக்டர் அந்த வசனத்தைச் சொல்லுவா, கேப்டன் மரம் மாதிரி நிப்பான். எந்தப் பட்டனை அமுக்கினாலும் அசைய மாட்டான், பேச மாட்டான். கொஞ்சம் கழிச்சு அவ மறுபடி சொல்லுவா. அவன் நிப்பான். கம்ப்யூட்டரை அணைக்கற வரைக்கும் அதேதான். ஒருத்தன் கூட அந்த கேமை முடிக்கல. கோடம்பாக்கத்துல ஒரு பிரௌசிங் சென்டர்ல நானே பாத்தேன். பசங்க ஸ்கிரீனைப் பாத்துக் கத்துறானுங்க, "யோவ், அந்தப் பொண்ணு கேக்குதுல்ல, வாயைத் தொறந்து சொல்லித் தொலையேன்யா!" எனக்கு வந்த ஆத்திரத்துல ஒருத்தனை அடிக்கவே போயிட்டேன்.

கேம் ஊத்திக்கிச்சு, சேனல்காரனுக்கும் சீரியல் மேல வெறுப்பு வந்து பாதியில நிறுத்திட்டான். நல்லா ஓடியிருந்தா ரெண்டாம் பாகம் வந்திருக்கும், சுகந்தியை நாக்பூர்லேருந்து பதிவுக்குக் கூப்பிட்டிருப்பாங்க, குரலாவது கேட்டிருப்பேன். எதுவும் இல்ல. சீரியல் டேப்பையெல்லாம் சேனல்ல அழிச்சு மேல வேற எதையோ பதிஞ்சுட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க டப்பிங் சங்கத்து வாட்ஸப்ல சுகந்தி போட்டோ வந்துச்சு. தாமரைப் பூவெல்லாம் போட்டு. எல்லாரும் 'ஆழ்ந்த இரங்கல்'னு போட்டாங்க. நானும் அதையே போட்டேன். அவளுக்குன்னு தனியா நாலு வார்த்தை எழுதணும்னு பாத்தேன், வரல.

இப்போ அவ குரல் இந்த உலகத்துல இருக்கறது அந்த ஓட்டை கேமுக்குள்ள மட்டும்தான். அதனாலதான் நீங்க கூப்பிட்டதும் வாங்கன்னேன். திட்டறதுக்குன்னாவது அதைப் பத்திப் பேச ஒரு ஆள் வேணுமே.

சரி, என் புலம்பல் போதும். நீங்க வந்த விஷயத்தைச் சொல்லுங்க. கேப்டனுக்கு ஒரு பதில் வசனம் பேசிக் குடுக்கணும், அதை அந்த இடத்துல சேர்த்தா கேம் முடியும். அவ்வளவுதானே? அந்த மடையன் புரோகிராம் எழுதினானே, அவன் அன்னிக்கே ஒழுங்கா...

என்னது? அவரைப் பாத்தீங்களா? ஹைதராபாத்லயா?

தமிழ் தெரியாதா அவருக்கு. ஓ. சரி, சொல்லுங்க.

டாக்டரோட அந்த வசனம் பேப்பர்ல இல்லையா?

என்ன தம்பி உளர்றீங்க, பேப்பர்ல இல்லாம எப்படி? நான் அங்கேயே உக்காந்திருந்தேனே. அவரு என்ன சொன்னாரு? "ஸ்டுடியோலேருந்து வந்த பதிவுல ஒரு துண்டு அதிகமா இருந்துச்சு, எழுதின வசனத்துல அது இல்ல, டாக்டர் ஏதோ கேக்கறாங்கன்னு மட்டும் பக்கத்துல இருந்த ஒருத்தர் சொன்னாரு, கேள்வின்னா பதில் வரணும்னு கேப்டனோட பதிலுக்கு இடம் விட்டு வெச்சேன், ஸ்டுடியோவுல கேட்டேன், யாரும் அனுப்பல." இப்படிச் சொன்னாரா? பதில் வர்ற வரைக்கும் நிக்கற மாதிரி எழுதினாரா? அதனாலதான் கேம் நிக்குதா?

அப்ப அந்த வசனத்தை யாரு எழுதினது? எழுதாம அவ எப்படிப்...

கொஞ்சம் பேசாம இருங்க தம்பி. ஒரு நிமிஷம்.

பேப்பரைக் கீழ இறக்கினா. நான் பாத்தேன், கண்ணால பாத்தேன். பேப்பர் கையில தொங்குது, என்னைத்தான் பாக்கறா. சார்னு கூப்பிடறவ ஏங்கன்னு...

ஐயோ. ஐயோ சுகந்தி.

கேட்டிருக்கா தம்பி. கேக்கலைன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, கேட்டிருக்கா. வெக்கத்தை விட்டு, மைக் முன்னாடி, இஞ்சினியர் உக்காந்திருக்கறப்போ கேட்டிருக்கா. நான் அழுகையைக் குறைன்னேன். திரும்பக் கேட்டா, உணர்ச்சி ஜாஸ்தின்னேன். மூணாவது தடவை அவளுக்குள்ள ஒண்ணும் மிச்சம் இல்ல, அதான் குரல்ல ஒண்ணுமே இல்ல. அதைப் போயி பிரமாதம்னேன். நல்லா இருந்த ரெண்டையும் நானே அழிக்கச் சொன்னேன். என் வாயாலயே அழிக்கச் சொன்னேன் தம்பி.

வேணாம், தண்ணி வேணாம். விடுங்க, அழுதா அழறேன். வீட்டுல யாரு இருக்கா பாக்க.

அந்தக் கம்ப்யூட்டரைத் தொறங்க. இப்ப இதுல ஓடுமா? கடைசிக் கட்டத்துக்கு நேரா போக முடியுமா? போங்க.

...

ஆமா. அதான் அவ குரல். வயசே ஆகல பாருங்க.

மைக்கை எடுங்க. இங்க வைங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட. கேப்டன் குரல் வேணாம், அவ கேட்டது கேப்டனை இல்ல. நானாத்தான் பேசணும். அவ சொல்லி முடிச்சதும் கை காட்டுங்க, பேசறேன்.

...

இருங்க. இன்னொரு தடவை போடுங்க.

...

வரல தம்பி. தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்ன சொல்றதுன்னுதான் தெரியல. உங்களுக்குத் தோணறதைச் சொல்லுங்க சார்னு சொல்றீங்க, எனக்கு என்ன தோணுது? காலம் பூரா எவனோ எழுதினதைப் பேசின வாய் இது. அவ கேட்டுக்கிட்டே இருக்கா பாருங்க, நிறுத்தாதீங்க, ஓடட்டும். நீங்க படிச்ச புள்ள, உங்களுக்கு வரும். ஒரு வரி போதும். அவ எங்கேயும் போகாம இருக்கற மாதிரி ஒரு வரி, எழுதிக் குடுங்களேன்.